விளக்குத் துலக்கும் நாள்

அன்புள்ள விஜயா,

நலம், நலமறிய ஆவல். உன் வீட்டுக்காரரின் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? தனம் கொண்டுவந்த காப்பித் தூள் தீபாவளிக்கு முன்பே தீர்ந்துவிட்டது. அடுத்த முறை ஒரு கிலோவாகக் கொடுத்துவிடு, கஞ்சத்தனம் காட்டாதே.

ஆடியில் நீ எழுதியதற்குக் கார்த்திகையில் பதில் எழுதுகிறேன். "கோமதிக்குக் கை முடங்கிவிட்டதா?" என்று தனத்திடம் நீ கேட்டனுப்பியதும் வந்து சேர்ந்தது. கோபப்பட உனக்கு உரிமை உண்டு. ஆனால் ஐப்பசி முழுவதும் நான் நானாக இல்லை. பேத்தி நிலாவுக்கு டெங்கு. ஏழு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தோம். பதறாதே, இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தோசை முறுகலாக இல்லை என்று என்னோடு மல்லுக்கும் நிற்கிறாள்.

திங்கட்கிழமை இரவு காய்ச்சல் வந்தது. அனலாகக் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். இரத்தம் எடுத்துப் பார்த்து டெங்கு என்றார்கள். பாராசிட்டமால் தவிர வேறு வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், சில மாத்திரைகளால் இரத்தக் கசிவு கூடிவிடும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டது. உடம்பு குளிர்ந்து கிடந்தது. நான் மஞ்சள் துணியில் முடிந்துவைத்த காசை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். மகன் ஊருக்கெல்லாம் போன் செய்து நல்ல சேதி சொன்னான்.

அன்று மதியம்தான் வயிறு வலிக்கிறது என்று சுருண்டாள். இரண்டு முறை வாந்தி. கையும் காலும் சில்லிட்டுப்போயின. டெங்குவில் காய்ச்சல் விடுகிற நாள்தான் கண்ணில் எண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்க்க வேண்டிய நாளாம், விஜயா. அந்த ஒன்றிரண்டு நாளில் இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறது, இரத்தம் கெட்டிப்படுகிறது, அழுத்தம் இறங்குகிறது. இது தெரியாமல், காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பிள்ளையை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எத்தனையோ பேர். நானும் அன்று காலை அதைத்தான் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உறவுக்காரர்கள் போனில் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்: "தட்டணு (இரத்தம் உறைய உதவுகிற அணு, பிளேட்லெட்) எவ்வளவு?" காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை. நம் சங்கரவடிவு பப்பாளி இலையை அரைத்துப் பாட்டிலில் அடைத்து பஸ்ஸில் கொடுத்தனுப்பிவிட்டாள். டாக்டரம்மா அதைத் தள்ளிவைத்துவிட்டு, "தட்டணுவை நான் பார்த்துக்கொள்கிறேன். குழந்தை எத்தனை தடவை சிறுநீர் போகிறாள் என்று நீங்கள் எண்ணுங்கள்" என்றார். இரண்டு ராத்திரி நான் செய்த வேலை அதுதான். சொட்டு மருந்துக் குழாயையும் அவள் மூச்சையும் பார்த்துக்கொண்டு, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் மணியைக் குறித்துக்கொண்டே இருந்தேன். ஞாயிறு காலை ஆறு மணிக்கு "பாட்டி, பசிக்கிறது" என்றாள். அந்தக் குரலைக் கேட்டதும் நான் அழுததை இன்றுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இதற்குள் வீட்டில் நடந்ததை உன்னிடம் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

புரட்டாசியில் கொசு ஒழிப்புப் பணியாளர் ஒரு பெண் இரண்டு முறை எங்கள் வாசலுக்கு வந்தாள். பேச்சியம்மாள் என்று பெயர். கழுத்தில் அட்டை, ஒரு கையில் டார்ச், மறு கையில் கொசுப் புழுவைக் கொல்கிற அபேட் மருந்துப் பாட்டில். "எங்கள் வீட்டில் ஒன்றும் இல்லை அம்மா, அடுத்த வீட்டைப் பார்" என்று கேட்டைத் திறக்காமலே இரண்டு முறையும் அனுப்பினேன். வெயிலில் வந்தவளுக்கு ஒரு வாய் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நிலாவுக்கு டெங்கு என்று பதிவானதும் மூன்றாம் முறை வந்தாள். நான் மாற்றுத்துணி எடுக்க வந்திருந்தேன். இந்த முறை அவள் கேட்கவில்லை. நேரே கொல்லைக்குப் போனாள்.

முருங்கை மரத்தடியில் அம்மாவின் ஆட்டுக்கல் கிடக்கிறதே, உனக்கு நினைவிருக்கும். நாம் இருவரும் ஒரே குழவியைப் பிடித்து அரைத்துவிட்டுக் கை கொப்பளித்து உட்கார்ந்திருந்த அதே கல். மிக்சி வந்த பிறகும் தூக்கிப் போட மனம் வராமல் வைத்திருக்கிறேன். குழியில் மழைத் தண்ணீர் நின்றது. பேச்சியம்மாள் ஒரு வெள்ளை டம்ளரில் மொண்டு வெயிலில் பிடித்தாள். தெளிந்த தண்ணீர், குடிக்கலாம்போல. உற்றுப் பார்த்தால் நூல் துண்டுகள்போல இருபது முப்பது புழுக்கள், வால் நுனியை நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்கின. வாலில் இருக்கிற சின்னக் குழாய் வழியாகத்தான் மூச்சு விடுமாம். என் நிழல் விழுந்ததும் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போயின. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

தண்ணீரைக் கொட்டப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கொட்டினால் போதாது அம்மா, இதைப் பாருங்கள்" என்று கல்லின் உள்சுவரில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே டார்ச் அடித்தாள். கரிய பொட்டுகள், கண்மை சிதறியதுபோல. நான் பாசி என்றுதான் நினைத்திருப்பேன். முட்டைகள்! தண்ணீர் வற்றினாலும் மாதக்கணக்கில் சாகாமல் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுபடி தண்ணீர் பட்டதும் பொரிக்கும். தேங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தால்தான் போகும். இத்தனை வருடம் பாத்திரம் துலக்கிய எனக்கு இந்த ஒன்று தெரிந்திருக்கவில்லையே.

டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசு, பிறந்த இடத்திலிருந்து பெரும்பாலும் 400 மீட்டருக்குள்தான் சுற்றுமாம். பள்ளிக்கூடத்தில் கடித்திருக்கலாம் என்று மகன் எனக்கு ஆறுதல் சொல்கிறான். இருக்கலாம். அது பகலில் கடிக்கிற கொசு. ஆனால் குழந்தை மாலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிற திண்ணைக்கும் அந்தக் கல்லுக்கும் நடுவில் பத்தடிகூட இல்லை.

அன்று ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உன் அப்பாவை நினைத்துக்கொண்டேன். மலேரியா இன்ஸ்பெக்டர் என்றால் நம் தெருவில் எத்தனை மரியாதை! சைக்கிளில் வந்து இறங்கி, நம் வீட்டுச் சுவர்களில் கட்டம் போட்டுத் தேதி எழுதுவார். இரத்தம் குடித்த கொசு போய் உட்காருகிற இடம் சுவர், அதனால்தான் சுவரில் டி.டி.டி. அடிக்கிறோம் என்று நமக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். மருந்து அடித்த கையோடு சனங்கள் சாணி மெழுகி, வெள்ளையடித்து அதை மறைத்துவிடுகிறார்களே என்று எவ்வளவு வருத்தப்படுவார். விடுதலை பெற்றபோது இந்த நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேருக்கு மலேரியா, 8 லட்சம் சாவு. 1953இல் தொடங்கிய மலேரியாத் திட்டம் 1961க்குள் நோய் கண்டவர்களின் எண்ணிக்கையைச் சுமார் 50 ஆயிரமாக இறக்கியது. அவரைப்போல் வீடு வீடாக ஏறி இறங்கியவர்களின் கால்களால் நடந்த காரியம் அது. பிறகு கொசு மருந்துக்குப் பழகிக்கொண்டது, நாமும் அசந்துவிட்டோம். 1976இல் 64 லட்சம் பேருக்கு வந்தது.

அவர் சொல்கிற ஹுசேன் கான் கதையும் நினைவுக்கு வந்தது. செகந்திராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். 1902இல் நோபல் பரிசும் வாங்கினார். அந்தக் கொசுவுக்குக் கையை நீட்டி இரத்தம் கொடுத்த நோயாளி ஹுசேன் கான். கடித்த கொசு ஒன்றுக்கு ஓரணா கூலி. "ராஸ் பெயரைப் பரீட்சையில் எழுதுங்கள், ஹுசேன் கானை மனத்தில் வையுங்கள்" என்பார் உன் அப்பா. அவர் சொல் கேட்டு வளர்ந்த நான்தான் பேச்சியம்மாளைக் கேட்டுக்கு வெளியிலேயே நிறுத்தினேன். நீயாக இருந்தால் கதவைத் திறந்திருப்பாய்.

எங்கள் தெருவில் எல்லோரும் கேட்பது புகை மருந்துதான். வண்டி வந்து புகை அடித்தால் மனசுக்குத் தெம்பாக இருக்கிறது. ஆனால் வண்டிச் சத்தம் கேட்டதும் எல்லோரும் சன்னல் கதவைச் சாத்துகிறோம். ஏடிஸோ வீட்டுக்குள்ளே கட்டிலடியிலும் கொடியில் தொங்குகிற துணியிலும் உட்கார்ந்திருக்கிறது. வெளியே சில கொசுக்கள் சாகும். தொட்டியில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. வாரம் பத்து நாளில் அது கொசுவாகி எழுந்துவிடும். 2012இல் கடையநல்லூர்ப் பக்கம் பட்ட பாட்டை நாங்கள் மறந்தே போனோம். அந்த ஆண்டு தமிழ்நாட்டில் 12 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு, 66 பேர் இறந்தார்கள். குழாயில் நான்கு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வந்தால் சனங்கள் குடத்திலும் டிரம்மிலும் பிடித்து வைக்கத்தானே செய்வார்கள்? தினமும் தண்ணீர் வந்தால் இந்தக் கொசுவில் பாதி பிறக்காது என்பது என் திடமான எண்ணம். ஏழை வீட்டு டிரம்மைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் அதுவரை சும்மா இருக்க முடியாதே. வாரத்துக்கு ஒருமுறை தேய்க்க வேண்டும், யாருக்கும் நாள் மறக்கக் கூடாது. அப்போதுதான் தோன்றியது: வெள்ளிக்கிழமைக்காக வியாழன் சாயங்காலம் எல்லா வீட்டிலும் புளி போட்டு விளக்குத் துலக்குகிறோம். அந்தக் கையோடு தொட்டியையும் டிரம்மையும் துலக்கிவிட்டால்? பேச்சியம்மாளைக் கூட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். நூர்ஜகான் வீட்டில், "எங்களுக்கும் வெள்ளிக்குத்தான் வீடு கழுவுவது அக்கா" என்றாள். பிறகென்ன! ஐந்து வாரமாக வியாழன் நாலு மணிக்குத் தெருவே தேய்க்கிற சத்தம்தான். மாடியில் கிடந்த டயர், சிரட்டை, பூந்தொட்டித் தட்டு எல்லாம் போயாயிற்று. பிரிட்ஜுக்குப் பின்னால் ஒரு தட்டு இருக்கிறது, தெரியுமா? பதினோரு வீட்டில் அதில் புழு இருந்தது. படித்தவர்கள் வீடுகளில்தான் அதிகம். அம்மாவின் கல்லில் மண் நிரப்பிக் கற்பூரவல்லி வைத்துவிட்டேன். போன வாரம் மூன்று வீடுகள் தேய்க்கவில்லை; மழைதான் நின்றுவிட்டதே என்கிறார்கள். அதை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் கெடுகிறது.

சிங்கப்பூரில் ஆண் கொசுக்களை வேண்டுமென்றே பறக்கவிடுகிறார்கள் என்று உன் மகன் எழுதியதாகச் சொல்லிச் சிரித்திருந்தாயே, அது உண்மைதான். ஆண் கொசு கடிக்காது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவை ஏற்றிய ஆணோடு, அது இல்லாத பெண் சேர்ந்து இடுகிற முட்டை பொரிக்காது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வேறு வழி: அந்த பாக்டீரியா உள்ள ஆண், பெண் இரண்டையும் விட்டார்கள். அதன் உடம்பில் டெங்கு வைரஸ் சரியாக வளர்வதில்லை. அங்கே டெங்கு 77 சதவீதம் குறைந்ததாக 2021இல் முடிவு வந்தது. நம் புதுச்சேரி ஆராய்ச்சி மையத்திலும் அப்படிப்பட்ட கொசுவை உருவாக்கியிருக்கிறார்கள். நம் தெருவுக்கு அது வருகிற நாளை நான் பார்க்க வேண்டும், விஜயா.

ஏடிஸ் கொசுவின் முதுகில் யாழ் வடிவத்தில் வெள்ளைக் கோடு இருக்கும். நிலா பூதக்கண்ணாடி வைத்து எனக்குக் காட்டினாள். உன் வீணையை நினைத்துக்கொண்டேன். அதைத் தொட்டு எத்தனை நாளாயிற்று?

இனி உன் விஷயம். உன் மாமியாரின் யானைக்காலை இருபது வருடம் தினமும் சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் ஒற்றித் துடைத்து, தலையணையில் தூக்கி வைத்தவள் நீ. கும்பகோணத்தில் அதைப் பரப்புகிற கொசு சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பிறந்து ராத்திரியில் கடிப்பது. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் டேங்கின் காற்றுக்குழாய் வாயில் கட்டியிருந்த வலை கிழிந்துவிட்டது, மாற்ற வேண்டும் என்று போன வருடமே எழுதியிருந்தாய். மாற்றினாயா? மொட்டைமாடியில் தாமரைத் தொட்டி வைத்திருப்பதாக ஆடிக் கடிதத்தில் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாயே, அதில் மீன் இருக்கிறதா என்று ஒரு வரி இல்லை. எனக்கு அந்தக் கடிதத்தைத் திரும்பப் படித்தபோது பூ கண்ணில் படவில்லை, தண்ணீர்தான் தெரிந்தது. நாளைக்கே போய் நாலைந்து கப்பி மீன் வாங்கி விடு. புழுவைத் தின்றுவிடும்.

தைக்குத் தனத்தோடு நீயும் வா. பேச்சியம்மாளிடம் உன் அப்பாவைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், மலேரியா சார் மகளைப் பார்க்க வேண்டும் என்கிறாள். மீன் விட்டதும் உடனே எழுது, என்னைப்போல் மாதக்கணக்கில் ஆக்காதே.

அன்புடன்,
கோமதி