வெயிலை நம்பி மிலாரை எடுக்க வேண்டாம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

சில நாட்களாக ஊட்டியில் பகல் வெயில் சுள்ளென்று அடிக்கிறது. முதல் இடைவேளைக்குள் பிள்ளைகள் ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொள்கிறார்கள். பனிக்காலம் முடிந்துவிட்டது, பள்ளித் தோட்டத்துப் பாத்திகளை ஒரேயடியாகச் சுத்தம் செய்துவிடலாம் என்று சுற்றுச்சூழல் மன்ற மாணவர்கள் துடிக்கிறார்கள். பெற்றோர் சிலரும் மண்வெட்டியோடு வரத் தயாராக இருப்பதாகச் சொன்னீர்கள். மிகவும் சந்தோஷம். வருகிற சனிக்கிழமை காலை 10 மணிக்கு வேலையை வைத்துக்கொள்வோம். ஆனால் பாதி வேலைதான் இப்போது. மீதி மார்ச்சில்.

காரணம் உங்களில் பலருக்குத் தெரிந்ததுதான். நீர்போகத்துக்கு, அதாவது தண்ணீர் பாய்ச்சிச் செய்யும் போகத்துக்கு, உருளைக்கிழங்கு போட்டவர்களிடம் பிப்ரவரிப் பனியைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சமவெளியிலிருந்து வேலைக்காக இங்கே குடிவந்த குடும்பங்களுக்காக எழுதுகிறேன். மேகமே இல்லாததால்தான் பகலில் இவ்வளவு வெயில். அதே காரணத்தால், மண் பகலில் வாங்கிய சூடு ராத்திரியில் தடையில்லாமல் மேலே போய்விடுகிறது. காற்றும் அசையாமல் நின்றுவிட்டால் விடியும்போது புல்தரை வெள்ளையாகிவிடும். குளிர்ந்த காற்று கனமானது, பள்ளம் பார்த்துத் தேங்கும். தலைகுந்தா, காந்தல் பக்கம் உறைபனி கடுமையாக இருப்பது இதனால்தான். நம் வளாகத்திலும் சுவரை ஒட்டிய பாத்தி தப்பித்துக்கொள்கிறது. பகலில் சூடேறிய சுவர் ராத்திரியில் அந்தச் சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கிறது. கேட் அருகே தாழ்வாக இருக்கும் பாத்திதான் கருகுகிறது.

அந்தப் பாத்தியில் ஜெரேனியமும் ஹைட்ராஞ்சியாவும் கறுத்துப்போய் நிற்பது பார்க்க நன்றாக இல்லை, உண்மைதான். ஆனாலும் கத்தரியை எடுக்க வேண்டாம். கருகின இலையும் தண்டும் கீழே உள்ள மொட்டுக்கு ஒரு போர்வை மாதிரி. இப்போது வெட்டினால் இந்த வெயிலுக்குச் செடி உடனே துளிர்விடும். அந்த இளந்துளிருக்கு ஒரு ராத்திரி உறைபனி போதும், கருகிவிடும். மறுபடி துளிர்க்கச் செடிக்குத் தெம்பு குறைந்துபோகும். உறைபனி படாமல் செடிகள் மேலே மூடிப் போட்டிருக்கும் மிலாரும், அதாவது மிலார் செடியின் கிளைகளும், அப்படியே இருக்கட்டும். மே மாத மலர்க் கண்காட்சிக்குச் செடிகளைத் தயார் செய்யும் அரசு தாவரவியல் பூங்காவிலேயே பனிக்காலம் முழுவதும் கோத்தகிரி மிலார் போட்டு நாற்றுகளைக் காப்பாற்றுகிறார்கள். மிலாருக்குப் பதிலாக பிளாஸ்டிக் ஷீட் கொடுத்தனுப்ப வேண்டாம். ஷீட் இலையில் ஒட்டிக்கொண்டால் அந்த இடத்திலேயே கருகும்; அதோடு, பிளாஸ்டிக்கைக் குறைக்க நம் மாவட்டம் இத்தனை பாடுபடும்போது பள்ளியே அதைக் கொண்டுவரக் கூடாது.

சரி, சனிக்கிழமை என்னதான் செய்வது? நிறைய இருக்கிறது. அழுகின முட்டைக்கோஸ் தண்டு, பூச்சி பிடித்த பீன்ஸ் கொடி, பாதையில் கிடக்கும் சருகு, பாத்திக்குள் புகுந்த புல் எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். புல்லை வேரோடு எடுக்க வேண்டும், மேலாக அறுத்தால் மழை வந்ததும் இரட்டிப்பாக வரும். காலியாக இருக்கும் கேரட் பாத்திகளைக் கொத்தி மக்கின சாணம் போட்டு வைப்போம். தண்ணீர் விடுவதை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஈரமான மண் பகல் சூட்டை அதிகமாகப் பிடித்துவைத்து ராத்திரியில் செடிக்குக் கொடுக்கும். காய்ந்த மண்ணால் அது முடியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன். சேர்த்த சருகை யாரும் கொளுத்தக் கூடாது, ஒரு பிடிகூட. பனியில் கருகின புல் இந்த வெயிலில் காய்ந்து கிடக்கிறது. இது காட்டுத்தீ காலம், வனத்துறையினர் தீத்தடுப்புக் கோடு வெட்டி இரவு பகலாகக் காவல் இருக்கிறார்கள். நம் வேலியைத் தாண்டினால் புல்வெளி, அதைத் தாண்டினால் சோலை. எல்லாம் உரக்குழிக்குத்தான் போக வேண்டும். சத்துணவுக் கூடத்துக் காய்கறிக் கழிவை அதில் போட்டால் மேலே மண் தள்ளி மூடிவிடுங்கள். வாசனைக்குக் கரடி வரும், காட்டுமாடும் வரும்.

வீட்டிலும் ஒன்று சொல்லிவையுங்கள். காலையில் வெள்ளையாக இருக்கும் புல்லில் ஓடி விளையாடப் பிள்ளைகளுக்கு ஆசைதான். உறைந்திருக்கும் புல்லை மிதித்தால் அது நொறுங்கி, கால்தடம் பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். பனி உருகும்வரை நடைபாதையிலேயே வரட்டும்.

பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், அவர்கள் படிக்கட்டும். மற்றவர்கள் ஷூ போட்டுக்கொண்டு, பழைய உடையில், குடிக்கத் தண்ணீரோடு வரட்டும். களைக்கொத்து, கூடை, சாக்கு இருப்பவர்கள் பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள். மிலாரை எப்போது எடுப்பது என்பதை மார்ச் முதல் வாரத்தில் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேசி முடிவு செய்வோம். தோட்ட வேலை தெரிந்த பெற்றோர் அன்று கட்டாயம் வர வேண்டும்.

அன்புடன்,
தலைமையாசிரியர்