பாஸ்டன் 1919: பணம் ஒருவர் கையில், படை இன்னொருவர் கையில்

அன்புள்ள சுந்தரம்,

கடிதம் கிடைத்தது. பேரன் பிறந்த செய்தியில் வீடே மகிழ்ந்தது. குழந்தையும் தாயும் நலமாக இருக்கட்டும்.

போலீஸ்காரர்கள் சம்பளத்துக்காக வேலையை நிறுத்தினால் ஊர் ஏன் ஒரே இரவில் சீர்கெடுகிறது என்று கேட்டிருந்தாய். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1919 செப்டம்பரில் நடந்ததை வைத்துச் சொல்கிறேன்.

அங்கே காவலரின் உச்சபட்ச ஆண்டுச் சம்பளம் 1,400 டாலர். சீருடையை அவரே வாங்க வேண்டும். 200 டாலருக்கு மேல் ஆகும். பகல் முறைக்காரருக்கே வாரம் 73 மணி நேர வேலை. காவல் நிலையங்களில் எலித் தொல்லை வேறு. போர்க்கால விலைவாசியில் இது எந்தக் குடும்பத்துக்குப் போதும்?

சம்பளம் மட்டுமே சிக்கல் என்றால் பேசித் தீர்த்திருக்கலாம். ஆனால் அன்று போலீஸ் கமிஷனரை நியமித்தவர் மாநில ஆளுநர். செலவுக்குப் பணம் கொடுத்தது மாநகராட்சி. பணம் உள்ள மேயர் பீட்டர்ஸுக்கு அதிகாரம் இல்லை, அதிகாரம் உள்ள கமிஷனர் கர்டிஸிடம் பணம் இல்லை. என்னைக் கேட்டால் எல்லாக் கோளாறும் இங்கேதான் தொடங்குகிறது.

காவலர்கள் அமெரிக்கத் தொழிலாளர் கூட்டமைப்பில் சேர்ந்ததும் கர்டிஸ் சங்கத் தலைவர்கள் 19 பேரைத் தற்காலிக நீக்கம் செய்தார். அதற்கு முன்பே மேயர் அமைத்த குழு ஒரு சமரசம் சொல்லியிருந்தது: கூட்டமைப்பை விட்டுத் தனிச் சங்கமாக இருங்கள், யாரையும் பழிவாங்கமாட்டோம், சம்பளத்தை நடுநிலையானவர்கள் பரிசீலிக்கட்டும். மேயர் சம்மதித்தார். கர்டிஸ் மறுத்தார்.

செப்டம்பர் 9 மாலை 5.45 மணிக்கு ஆஜர் எடுக்கும் ரோல் காலில் 1,544 காவலர்களில் 1,117 பேர் வெளியேறினார்கள். கவனி, இருட்டும் வேளை. பதிலுக்கு நிற்க வேண்டிய மாநிலக் காவல்படையை, அதாவது மாநிலத்தின் ஆயுதப் படையை, முன்கூட்டியே திரட்டவில்லை. மேயர் கேட்டுப் பார்த்தார். ஆளுநர் கூலிட்ஜும் கமிஷனரும் தேவையில்லை என்றார்கள். ஆக, முதல் இரவு தெருக்களில் காவலே இல்லை என்று சொல்லலாம்.

கலவரம் எடுத்த எடுப்பில் கொள்ளையாகத் தொடங்கவில்லை. முதலில் நகர நடுவேயுள்ள பூங்காவில் பகிரங்கமாகத் தாயச் சூதாட்டம். யாரும் தடுக்கவில்லை என்பது தெரிந்ததும் கூட்டம் சேர்ந்தது, பிறகு கடைக் கண்ணாடிகள் உடைந்தன, சரக்கு பறிபோனது. தட்டிக் கேட்க ஆளில்லாத ஒவ்வொரு மணி நேரமும் அடுத்த துணிச்சலுக்கு இடம் கொடுத்தது.

மறுநாள் படை வந்தது, ஆனால் நிலைமை அதற்குள் முற்றிவிட்டது. ஊர்க் கூட்டத்தைக் கையாளும் பழக்கம் படைவீரர்களுக்கு இல்லை. தெற்கு பாஸ்டனில் கூட்டத்தின்மீது சுட்டதில் உயிர்கள் போயின. தன்னார்வலர்களாக வந்த ஹார்வர்டு மாணவர்களுக்கும் பயிற்சி கிடையாது. முதல் நாள் மாலையே படையை வீதிகளில் நிறுத்தியிருந்தால் துப்பாக்கியைத் தொடாமலே பலதைத் தவிர்த்திருக்கலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

வெளியேறியவர்கள் திரும்ப வரத் தயாராக இருந்தார்கள், ஒருவரையும் சேர்க்கவில்லை. புதிதாக எடுத்தவர்களுக்குக் கூடுதல் சம்பளம், இலவசச் சீருடை, கூடுதல் விடுப்பு எல்லாம் கிடைத்தன. வேலையிழந்தவர்கள் கேட்டதும் இவற்றைத்தானே! இதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. கூலிட்ஜுக்கோ அந்த வேலைநிறுத்தத்தில் கிடைத்த பெயர் 1920இல் துணைக் குடியரசுத் தலைவர் பதவிவரை உதவியது.

கனடாவின் மாண்ட்ரியால் நகரில் 1969 அக்டோபர் 7ஆம் தேதியும் இதேபோல் நடந்தது, அங்கே ஒரே நாளில் வேலைநிறுத்தம் முடிந்தது. அதை அடுத்த கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமநாதன்