மெலியும் காந்தப்புலம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

புவியின் காந்தப்புலம் கடந்த 200 ஆண்டுகளில் சுமார் 9 சதவீதம் வலுவிழந்திருப்பதை வைத்து, உலகமே அழியப்போவதாகப் பீதியூட்டும் காணொளிகள் பரவுவது வேதனை அளிக்கிறது. மொட்டை மாடியில் திசைகாட்டியின் முள் நடுங்கி நடுங்கி வடக்கே நிலைகொள்வதைப் பார்த்த என் பேத்தியும், “இது வேலை செய்யாமப் போயிடுமா தாத்தா?” என்றுதான் கேட்டாள்.

ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர் ஆழத்துக்குக் கீழே, புவியின் மையக்கருவின் வெளியடுக்கான புறக்கருவில் கலங்கிச் சுழலும் திரவ இரும்பின் ஓட்டமே இப்புலத்தை உண்டாக்குகிறது; அவ்வோட்டம் ஒரே சீராக இருப்பதில்லை என்பதால் புலமும் ஏறி இறங்குகிறது. ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே மெலிவு மிகுதி. அங்கே, கருவின் விளிம்பில், புலம் எதிர்த்திசையில் திரும்பிய திட்டுகள் உள்ளன; ஆப்பிரிக்காவின் அடியாழத்திலுள்ள அடர்ந்த பாறைத்திரள் அதற்குக் காரணமாகலாம் என்று ஆய்வாளர்கள் சிலர் கருதுகின்றனர். விண்வெளிக் கதிர்வீச்சைத் தடுக்கும் புலம் அங்கே மெலிந்திருப்பதால், அப்பகுதியைக் கடக்கும் செயற்கைக்கோள்களின் மின்னணுக் கருவிகள் பழுதாவதே இன்றைய உண்மையான இடர். காந்த வட, தென் துருவங்கள் கடைசியாக முழுமையாக ஒன்றுக்கொன்று இடம்மாறியது சுமார் 7,80,000 ஆண்டுகளுக்கு முன்பு. அதற்கும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்தன.

புலம் தரைக்குக் கிடையாக அமையும் இடங்களை இணைக்கும் காந்த நடுக்கோடு நம் தென்கோடியை ஒட்டிச் செல்வதால் திருநெல்வேலியில் இதற்கென ஆய்வுக்கூடம் இயங்குகிறது. அங்குள்ள அறிஞர்களைக் கொண்டே தமிழில் விளக்கக் கட்டுரைகளை வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
நங்கநல்லூர், சென்னை.