நம்ம சந்தோட பேரு ஆர்டர் பேப்பர்ல வந்துச்சு

கண்ணா,

எப்படி இருக்க, நேரத்துக்கு சாப்பிடுறியா. நேத்து போன்ல சொல்ல ஆரம்பிச்சேன், நீ டூட்டிக்கு கிளம்பிட்டிருந்த, பாதியிலயே நின்னு போச்சு. அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாத்தான் வரும், பஸ்ல போறப்போ படி. கடைசில உன்கிட்ட ஒண்ணு கேக்கப்போறேன், அது வெள்ளிக்கிழமைக்குள்ள எனக்கு வேணும், அதனால பாதியில மூடி வச்சுடாத.

போன மாசம் நீ கேட்ட இல்ல, செவ்வாக்கிழமை ஆனா ஏம்மா டிவி முன்னாடியே உக்காந்துக்கற, பார்லிமெண்ட்ல அவங்க கத்துறத பாத்து உனக்கு என்ன ஆகப்போவுது, பேசாம மொரிஷியஸ் வீட்ட வித்துட்டு ஆஸ்திரேலியாவுக்கு, என்கூட பெர்த்துக்கு வந்துடுன்னு. நான் அப்போ ஒண்ணும் பேசல, மனசு கஷ்டமாயிடுச்சு. இப்ப சொல்றேன். இந்த செவ்வாக்கிழமை பார்லிமெண்ட் ஆர்டர் பேப்பர்ல நம்ம சந்தோட பேரு இருந்துச்சுப்பா. அப்பா உனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுத்தாரே, அதே சந்து.

ஆர்டர் பேப்பர்னா அன்னிக்கு சபையில என்னென்ன நடக்கணும்னு வரிசையா போட்டிருக்கற பேப்பரு. யாரு வேணா எடுத்துப் பாக்கலாம். எதிர்வீட்டு பையன் எனக்கு பிரிண்ட் போட்டு கொண்டாந்து கொடுத்தான், நான் கண்ணாடிய மாட்டிக்கிட்டு பென்சிலும் கையுமா டைனிங் டேபிள்ல உக்காந்து ஒவ்வொரு கேள்வியா படிச்சேன், நம்மளுது நாப்பத்தி ஒண்ணாவதா இருந்துச்சு. முன்னாடி 'பி'ன்னு ஒரு எழுத்து போட்டு நம்பரு, அப்புறம் கேக்குறவரு பேரு, அது கீழ கேள்வி. கேள்வி மொத்தமும் ஒரே வாக்கியம், மந்திரி, சபையோட நன்மைக்காக, சம்பந்தப்பட்ட ஆபீஸ்லேர்ந்து தகவல் வாங்கி, இன்ன சந்துல மழைத்தண்ணி வடிகால் வேலை எந்த மட்டுல இருக்கு, எப்ப ஆரம்பிக்கும் எப்ப முடியும்னு சொல்லுவாரான்னு, மூச்சு விடாம போவுது. அந்த இங்கிலீஷ் நடுவுல நம்ம சந்து பேர பாத்ததும் நான் கொஞ்ச நேரம் விரல அது மேலயே வச்சுக்கிட்டு இருந்தேன்.

இது எப்படி வந்துச்சுன்னு உனக்கு முழுசா தெரியாது. அப்பா காரியம் முடிஞ்சு நீ கிளம்பினதுக்கு அப்புறம் ஒரு நாள் ராத்திரி நல்ல மழை, சந்துல இருக்கறவங்க யாரும் தூங்கல. மறுநாள் பக்கத்து வீட்டு மதாம் வந்து, வா, நாம எல்லாரும் கையெழுத்து போடுவோம்னாங்க. அவங்க இங்க எல்லாரும் பேசற கிரியோல் பாஷையில எழுதினாங்க, மருமகன் அத பிரெஞ்சுல மாத்தினான், நான் வீடு வீடா போனேன். 23 கையெழுத்து. அத எடுத்துக்கிட்டு மெம்பர பாக்கப் போனோம். உனக்குத் தெரியும், இங்க ஒரு தொகுதிக்கு 3 பேரு, மெயின் தீவுல 20 தொகுதி, ரொட்ரிக்ஸ் தீவுக்கு 2 பேரு, ஆக 62, அதுக்கு மேல தோத்தவங்கள்லேர்ந்து எடுக்கற பெஸ்ட் லூசர் சீட்டு எட்டு வரைக்கும். நாங்க போனது மூணாவது மெம்பர்கிட்ட. மூணாவதுன்னா ஓட்டு எண்ணிக்கையில அந்த தொகுதியில மூணாவதா வந்தவரு, சபையில கூப்பிடுறதும் அப்படித்தான். அவரு ஆளுங்கட்சிதான், இருந்தாலும் பேப்பர வாங்கிப் படிச்சுட்டு, நான் கேள்வியாவே போடுறேன் அம்மான்னு சொன்னாரு, போட்டாரு.

ஆளுங்கட்சிக்காரரு எதுக்கு கேள்வி கேக்கணும்னு நீ நினைப்ப. 2024 நவம்பர் எலெக்ஷன்ல 62-ல 60 சீட்டு ஒரே கூட்டணிக்குப் போச்சு, மீதி ரெண்டு ரொட்ரிக்ஸ். 1982-லயும் 1995-லயும் கூட 60க்கு 60 இப்படி நடந்திருக்கு, அப்பா அடிக்கடி சொல்லுவாரு. எதிர்க்கட்சி பக்கம் விரல் விட்டு எண்ணிடலாம், அதனால பின்னாடி பெஞ்சுல இருக்கறவங்களும் கேட்டாத்தான் நம்ம மாதிரி சந்து பொந்தெல்லாம் அங்க வரும். எனக்கு அது சரின்னுதான் படுது.

சரி, செவ்வாக்கிழமைக்கு வர்றேன். காலைல சீக்கிரமே சமைச்சு முடிச்சுட்டேன், பூசணிக்கா கூட்டும் ரசமும். பதினொன்றரைக்கு ஆரம்பம், அப்போ உனக்கு மூன்றரை மணி. 2017-லேர்ந்து நேரடியா காட்டுறாங்க, அதுக்கு முன்னாடி ராத்திரி நியூஸ்ல கொஞ்சம் துண்டு துண்டா வரும் அவ்வளவுதான். பக்கத்து வீட்டு மதாமும் கத்தோ பிமா, அதான் மிளகா வடை, பொட்டலத்தோட வந்துட்டாங்க. முதல்ல தேசிய கீதம், நாங்க ரெண்டு பேரும் எந்திரிச்சு நின்னோம். அப்புறம் பேப்பர்ஸ் லேய்டு, அதாவது மந்திரிங்க ரிப்போர்ட்டு ரெகுலேஷன் எல்லாம் மேசையில வைக்கறது, சீக்கிரம் முடிஞ்சுடும். அடுத்து பி.என்.கியூ., பிரைவேட் நோட்டீஸ் கொஸ்டின், எதிர்க்கட்சித் தலைவருக்கு மட்டும் உள்ள கேள்வி. மத்தவங்க எல்லாம் நாள் கணக்கு முன்னாடியே கேள்விய கொடுத்துடணும், இவரு மட்டும் அன்னிக்கு காலைல கொடுத்தா போதும், மந்திரி அன்னிக்கே பதில் சொல்லியாகணும். அது அரை மணி நேரம் போச்சு. அப்புறம் பிரதம மந்திரி நேரம், அதுவும் அரை மணி. ஒரு கேள்விக்கு பதில் வந்ததும் விடுறதில்ல, சப்ளிமென்டரின்னு துணைக்கேள்வி ஒண்ணு, இன்னொருத்தரு எந்திரிச்சு இன்னொண்ணு, ஸ்பீக்கரம்மா லாஸ்ட் சப்ளிமென்டரின்னு சொல்ற வரைக்கும் போவுது. ஒரு மணி வாக்குல சாப்பாட்டுக்கு நிறுத்தினாங்க, ரெண்டரைக்கு மறுபடி உக்காந்தாங்க. நான் பென்சில்ல ஒவ்வொண்ணா அடிச்சுக்கிட்டே வந்தேன். வாபஸ் வாங்கின கேள்வி எது எதுன்னு ஸ்பீக்கரம்மா வாசிச்சாங்க, ஒவ்வொண்ணு போகும்போதும் நம்மளுது மேல வருதுன்னு மதாம் என் கைய புடிச்சு அழுத்துவாங்க.

பேசறதெல்லாம் இங்கிலீஷ்தான். நம்ம அரசியல் சட்டத்துலயே இருக்கு, சபையோட மொழி இங்கிலீஷ், ஸ்பீக்கர பாத்து பிரெஞ்சுலயும் பேசலாம்னு. கோவம் வந்து உக்காந்த இடத்துலேர்ந்து கத்துறப்போ மட்டும் கிரியோல் வந்துடுது, டிவியில அதத்தான் நீ கேட்டிருப்ப. நான் 1987-ல கல்யாணம் ஆகி கும்பகோணத்துலேர்ந்து இங்க வந்தப்போ இதுல ஒரு பாஷையும் எனக்கு ஒழுங்கா வராது, சீனிவாசன் படம் போட்ட 100 ரூபா நோட்ட கையில கொடுத்து உங்க அப்பாதான் சொன்னாரு, இவரு பேரு ரெங்கநாதன் சீனிவாசன், நம்மாளு, சுதந்திரத்துக்கு பத்து வருஷம் முன்னாடியே போயிட்டாரு ஆனா இந்த சபைய வளத்தவங்கள்ல ஒருத்தருன்னு. அது அந்த நோட்டு வந்த பிறகு, 1998-க்கு அப்புறம்தான் சொல்லியிருப்பாரு, எனக்கு வருஷமெல்லாம் ஒண்ணோட ஒண்ணு கலந்து போவுது. ஸ்கூல்ல நானும் பிள்ளைங்களுக்கு அந்த நோட்ட காட்டி 'நூறு ரூபாய்'னு தமிழ்ல இருக்கறத எழுத்து கூட்டி படிக்க வைப்பேன், உனக்கு ஞாபகம் இருக்கும்.

முப்பத்தி மூணாவது கேள்வி ஒரு ரோட்டப் பத்தி. மந்திரி பதில ரொம்ப நேரம் வாசிச்சாரு, எங்கெங்க எத்தன மீட்டர்னு. அத கேட்டுக்கிட்டே நான் கடிகாரத்த பாக்குறேன். அதுக்கு மூணு சப்ளிமென்டரி. முப்பத்தி நாலு. முப்பத்தஞ்சு கேக்க வேண்டியவரு சபையில இல்ல, தாண்டி போயிட்டாங்க. முப்பத்தாறு ஓடிக்கிட்டு இருக்கறப்போ ஸ்பீக்கரம்மா டைம் ஓவர்னாங்க. அவ்வளவுதான். இன்னும் அஞ்சே அஞ்சு கேள்விதாம்பா. மதாம் ஒண்ணும் பேசல, பொட்டலத்த மடிச்சு வச்சுட்டு வீட்டுக்கு போயிட்டாங்க. டிவியில நம்ம மெம்பர் முகம் ஒரு செகண்டு வந்துச்சு, அவரும் கையில இருந்த பேப்பர கீழ வச்சாரு.

நான் டிவிய அணைக்கல. அடுத்து பிரதம மந்திரி எந்திரிச்சு ஸ்டாண்டிங் ஆர்டர் 10(2)லேர்ந்து இன்னிக்கு வேலைக்கு விலக்கு வேணும்னு தீர்மானம் கொண்டாந்தாரு, அதாவது குறிச்ச நேரத்தோட முடிக்காம வேலை முடியற வரைக்கும் உக்காரலாம்னு, ஒவ்வொரு தடவையும் இத சொல்லுவாங்க. அப்புறம் மசோதா, இரண்டாம் வாசிப்பு, ஒருத்தர் மாத்தி ஒருத்தர் பேசிக்கிட்டே இருந்தாங்க. நான் இட்லிக்கு ஊறவச்சத அரைச்சு எடுத்துட்டு வந்து பாத்தா அப்பவும் அதே மசோதா. ராத்திரி கடைசில சபைய ஒத்திவைக்கிற தீர்மானம், அடுத்த செவ்வாக்கிழமை பதினொன்றரைக்குன்னு. அது போட்டதும் உடனே எந்திரிச்சு போயிட மாட்டாங்க, அப்போ மெம்பருங்க அவங்கவங்க தொகுதி குறைய ஆளுக்கு சில நிமிஷம் சொல்லலாம், சம்பந்தப்பட்ட மந்திரி அங்கயே பதில் சொல்லுவாரு. ஒருத்தரு பஸ் ஸ்டாப்புல கூரை இல்லைன்னாரு, இன்னொருத்தரு ஒரு மைதானத்துல லைட்டு எரியலன்னாரு. பகல்ல நடக்கற சத்தத்த பாத்துட்டு நீ வெறுத்துப்போற, இந்த நேரத்த நீ ஒரு தடவை பாரு கண்ணா, ஹாலே பாதி காலியா இருக்கு, யாரும் கத்தல, ஒரு பஸ் ஸ்டாப்புக்காக ஒரு ஆளு ராத்திரி நின்னு பேசறாரு. எனக்கு இதுதான் அந்த நாள்லயே ரொம்பப் பிடிச்ச நேரம்.

மறுநாள் மெம்பரே போன் பண்ணாரு. கேள்வி நேரத்துல எட்டாத கேள்விக்கும் பதில் எழுத்துல வந்துடும் அம்மா, சபையில பேசினதெல்லாம் பதிவாகுற ஹான்சார்டுல அச்சாகிடும்னாரு. காப்பி ஒண்ணு அனுப்பினாரு. அத படிச்சப்போதான் எனக்கு வயித்த பிசைஞ்சுது. அந்த சந்துல வீட்டுக்குள்ள தண்ணி புகுந்ததா எங்க பதிவுல எதுவும் இல்ல, அதனால முன்னுரிமை லிஸ்ட்ல சேக்கல, இனிமே ஆய்வு செஞ்சு, நிதி இருந்தா பாக்கலாம்னு ஆபீஸ்லேர்ந்து எழுதிக் கொடுத்திருக்காங்க. பதிவுல இல்லையாம். நானும் அப்பாவும் ரெண்டு தடவை நேர்ல போய் ஃபார்ம் கொடுத்தோம், ரசீது கேட்டப்போ தேவையில்லன்னு திருப்பி அனுப்பினாங்க. அன்னிக்கு நான் விடாம கேட்டு வாங்கியிருக்கணும்.

2024 ஜனவரி 15 உனக்கு மறக்காது. காவடி எடுக்கறதுக்குன்னு லீவு போட்டுட்டு வந்திருந்த, பொங்கல் அன்னிக்கே பெலால் புயல் வந்துச்சு. மழைன்னு வராண்டாவுல அடுப்பு வச்சோம், அப்பா அடுப்புக்கு மேல குடைய புடிச்சுக்கிட்டு நின்னாரு. பால் பொங்கி நாம கும்பிட்டு முடிச்சு கொஞ்ச நேரத்துல சந்து முனையிலேர்ந்து செம்மண் தண்ணி திரண்டு வந்துச்சே, முதல் படி, ரெண்டாவது படி, அப்புறம் ஹால். போர்ட் லூயிஸ்ல காரெல்லாம் மிதந்தத டிவியில காட்டினாங்க, 2013 மார்ச் 30-ல அங்க 11 பேரு செத்தத எல்லாரும் மறுபடி பேசினாங்க. நம்ம சந்துல யாருக்கும் உயிருக்கு ஒண்ணும் ஆகல, முருகன் காப்பாத்தினாரு. ஆனா என் கிளாஸ் நோட்டு, உன் சின்ன வயசு போட்டோ ஆல்பம், மதாமோட தையல் மெஷின் எல்லாம் போச்சு. மதாம் இன்னும் அந்த மெஷின தூக்கிப் போடல, துரு பிடிச்சு அப்படியே மூலையில இருக்கு.

ஜூன்ல பட்ஜெட், ஜூலை 1-லேர்ந்து புது நிதி வருஷம். அதுக்குள்ள லிஸ்ட்ல ஏறலன்னா இன்னொரு மழைக்காலம் இப்படியே போயிடும். அடுத்த செவ்வாக்கிழமை ஒத்திவைப்பு நேரத்துல மெம்பரு நம்ம சந்தப் பத்தி பேசப்போறாரு, எழுத்துல வந்த பதில கையில வச்சுக்கிட்டே பேசறேன், அதுக்கு ஆதாரம் ஏதாச்சும் கொடுங்கன்னு கேட்டாரு. நாங்களும் நேர்ல போறோம், மதாமும் நானும், பார்வையாளர் இடத்துல உக்கார அனுமதி கேட்டிருக்கோம். ரோஸ் ஹில்லேர்ந்து மெட்ரோல போயிடுவோம், திரும்பி வர்றதுக்கு மதாமோட மருமகன் கார் எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்கான், நீ கவலப்படாத.

இப்ப கேக்கறேன். அன்னிக்கு நீ வராண்டாவுலேர்ந்து போன்ல வீடியோ எடுத்த இல்ல, தண்ணி ரெண்டாவது படிய தாண்டி உள்ள வர்றது, பொங்கப் பானை மிதக்கறது. என் பழைய போன் தண்ணியில போனதுல என்கிட்ட ஒண்ணும் இல்ல. உன்கிட்ட இருக்கும், நீ எதையும் அழிக்க மாட்ட. அத எனக்கு அனுப்பு. வாட்ஸாப்புல வேணாம், தேதி போயிடும்னு எதிர்வீட்டு பையன் சொல்றான், ஈமெயில்ல ஃபைலாவே அனுப்பு. மெம்பருக்கு படியும் தண்ணியும் தெரிஞ்சா போதும், ஒரு நிமிஷம் வெட்டிக் கொடுத்தா போதும்னாரு, அத இங்க பாத்துக்கலாம்.

எனக்கு நீ முழுசா அனுப்பு, சத்தத்தோட. அதுல அப்பா பேசுவாரு, பானைய புடிடா, பானைய புடின்னு.

அம்மா