மட்டிப்பழம் உரிக்கிறவன்

தக்கலை

அன்புள்ள மக்கா,

நீ எழுதி அனுப்பிய துப்பறியும் நாவலை ராத்திரி ஒரே மூச்சில் வாசித்து முடித்தேன். இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு மூட்டுவலி இப்போது தேவலாம். மழை விடாததால் ரப்பர் பால்வெட்டு நின்று கிடக்கிறது.

உன் வில்லன் என்னை நிஜமாகவே பயமுறுத்திவிட்டான். கொலையைப் பார்த்தவன் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்து, தொங்கும் வாழைக்குலையிலிருந்து ஒரு மட்டிப்பழத்தைப் பிய்த்து, பொறுமையாய் உரித்து, அந்த வீட்டுக் குழந்தை கையில் கொடுக்கிறானே! அப்புறம் அப்பன் வாய் திறப்பானா? தோவாளையிலிருந்து போகும் பூ வண்டியில் அவன் களியக்காவிளை தாண்டிக் கேரளாவுக்குள் போவதும் பொருத்தம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்த ஊர் இது. அந்தப் பக்கம் அவனுக்குச் சொந்தக்காரர் வீடு இல்லாமலா போகும்?

ஆனால் மாத்தூர் தொட்டிப்பாலத்துத் துப்பாக்கிச் சண்டையை எடுத்துவிடு. அது வெறும் சத்தம். இன்ஸ்பெக்டர் அம்மா வில்லனின் கூட்டாளியை அடித்து வாக்குமூலம் வாங்குவதும் எனக்கு மனசு ஒப்பவில்லை, கேட்டியா. போலீசிடம் கொடுத்த வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. அவன் சொல்லி ஒரு பொருள் கிடைத்தால் மட்டும், அந்த அளவுக்கு அவன் பேச்சு செல்லும். கைது செய்தவனை, பயண நேரம் போக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தியாக வேண்டும். உன் கதைக்கு வேண்டிய வேகம் முழுக்க இதிலேயே இருக்கிறது.

இப்படி எழுதிப் பார். அந்தக் கூட்டாளிக்கும் அந்தக் குழந்தை வயதில் ஒரு மகள். அந்த அம்மா கை ஓங்காமல் மட்டிப்பழக் கதையை மட்டும் சொல்கிறாள். அவன் உடைந்துபோய், பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தைச் சொல்கிறான். ராத்திரி, கொட்டுகிற மழை. வரிசை வரிசையாய் ஒரே மாதிரி மரங்கள், பால் பிடிக்கிற சிரட்டை எல்லாம் தண்ணீர் நிறைந்து வழிகிறது. எந்த மரத்து மூட்டில் புதைத்த கத்தி? விடிந்தால் கோர்ட்.

வில்லனை என்கவுண்டரில் முடிக்காதே மக்கா. அவன் கூண்டில் நிற்கட்டும், அந்த அப்பன் வந்து முகத்துக்கு நேராகச் சாட்சி சொல்லட்டும். அதைத்தான் எனக்கு வாசிக்க வேண்டும்.

திருத்தியதும் அனுப்பு. தங்கச்சி மகள் கல்யாணம் தை மாதம் வைத்திருக்கிறோம், குடும்பத்தோடு வந்துவிடு.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி