வடிக்காத டேங்க்

அன்புள்ள சிவா,

இங்கு அனைவரும் நலம். ஏழு மாதமாக எழுதாததற்கு மன்னிப்புக் கேட்க வேண்டும். அதைவிடப் பெரிய மன்னிப்பு ஒன்றும் பாக்கியிருக்கிறது. வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் பெட்ரோல் டேங்கை வடித்துவிட்டு நிறுத்து என்று நீ அன்றே சொன்னாய். நான் வடிக்கவில்லை.

2022 தீபாவளிக்குப் பிறகு தாழ்வாரத்திலேயே நின்ற புல்லட்டைச் சென்ற ஞாயிறன்று எடுத்தேன். டேங்கில் ஆறு லிட்டர் கிடந்தது. 600 ரூபாய்ச் சரக்கைக் கொட்ட மனம் வராமல், மேலே இரண்டு லிட்டர் புதிய பெட்ரோலை ஊற்றினால் சரியாகிவிடும் என்று கணக்குப் போட்டேன். (என் கணக்கின் லட்சணம் ஒன்பதாம் வகுப்பிலிருந்தே உனக்குத் தெரியும்.) மூடியைத் திறந்ததுமே பெட்ரோல் வாசனைக்குப் பதிலாகப் பழைய வார்னிஷ் நெடி அடித்தது, அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். அம்மீட்டர் முள்ளைப் பார்த்து, சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஸரை அழுத்தி, முறைப்படி இருபது உதை உதைத்தேன். எளிதில் ஆவியாகும் பகுதியெல்லாம் பறந்துபோன பெட்ரோல் எப்படிச் சட்டென்று பற்றும்? இருபத்தொன்றாவது உதையில் பிடித்து, அரை நிமிடம் இருமிவிட்டு அணைந்தது.

ஆனால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்பரேட்டரிலிருந்து பெட்ரோல் வழிந்து தரையில் ஓடியதை நான் கவனிக்கவில்லை. சின்னவன்தான் கத்தினான். நாலடி தள்ளி வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, சிவா. பெட்ரோல் குழாயின் டேப்பை மூடி, அவனையும் வண்டியையும் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு வந்த பிறகுதான் என் கை நடுங்கத் தொடங்கியது. கார்பரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஃப்ளோட் ஊசி, பிசின் படிந்து மூடாமல் சிக்கிக்கொண்டதாம்.

மாலையில் மெக்கானிக் பாய் வந்து டேங்கின் அடியிலிருந்து ஒரு பாட்டிலில் பிடித்துக் காட்டினார். மேலே தேநீர் நிறத்தில் பெட்ரோல், அடியில் இரண்டு விரற்கடைக்குக் கலங்கல் நீர். பெட்ரோலில் கலந்த எத்தனால் என்ற சாராயம் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருந்து, தாங்கும் அளவு மீறியதும் தண்ணீரோடு பிரிந்து கீழே இறங்கிவிடுகிறது. மேலே எஞ்சுவதற்கு ஆக்டேனும், அதாவது எஞ்சினில் தட்டாமல் எரியும் திறனும், குறைந்துபோகிறது. டேங்கின் அடிமட்டத்திலிருந்து எடுக்கும் ரிசர்வில் போட்டால் முதலில் வருவது இந்தக் கலங்கல்தான். கார்பரேட்டரில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் தரும் பைலட் ஜெட்டின் மயிரிழைத் துளையும் அடைத்திருந்தது. ஊசியால் குத்தப் போன என் கையைப் பாய் தட்டிவிட்டார். பித்தளைத் துளை பெரிதாகிவிட்டால் பெட்ரோல் அளவு மாறிவிடுமாம்.

நான் நிறுத்தியபோது எத்தனால் நூற்றுக்குப் பத்து, இப்போது இருபது. திருவொற்றியூரில் 1984இல் செய்த வண்டியின் ரப்பர்க் குழாயும் வாஷரும் இதை எதிர்பார்த்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், அவற்றையும் மாற்றச் சொல்லிவிட்டேன். நான் மிச்சம் பிடித்த 600 ரூபாய் எங்கே போயிற்று என்று உன் தங்கை தினமும் விசாரிக்கிறாள்.

உன் யெஸ்டி பைக்கும் முக்கால் டேங்க் பெட்ரோலோடு இரண்டு வருடமாக நிற்கிறது என்று அவளே சொன்னாள். உபதேசம் எனக்கு மட்டும்தானா? இன்றே வடித்துவிடு, அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் வேண்டாம்.

வடித்த எட்டு லிட்டரும் கொல்லையில் இரும்புக் கேனில் மூடியிருக்கிறது. சாக்கடையில் கொட்டிவிடு என்கிறார்கள். கிணறு பத்தடியில் இருக்கும்போது எப்படிக் கொட்டுவது? உனக்கு ஏதாவது வழி தெரிந்தால் எழுது.

உன்,
ராமு