ஃபேனை அணைத்துவிட்டுக் கேள்

ஜூன் 2024

அன்பு நண்பா,

இந்த வருஷம் புதிதாக எதைக் கேட்கலாம் என்று கேட்டிருந்தாய். பாதி ஆண்டுக்குள் வந்தவற்றில் நான்கு ஆல்பங்களை மட்டும் சொல்கிறேன். நான்குமே பெரிய கம்பெனிகளின் வாசலைத் தாண்டி வெளியே நிற்பவை. போனை மேசைமேல் வைத்துக் கேட்டால் நான்கிலுமே பாதிகூடக் காதுக்கு வந்து சேராது. அதனால் எதைக் கேட்பது என்பதோடு எப்படிக் கேட்பது என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் இசையமைப்பாளர் காலி மலோனின் 'ஆல் லைஃப் லாங்'. பிப்ரவரியில் ஐடியாலஜிக் ஆர்கன் லேபிளில் வந்தது. பைப் ஆர்கன், பித்தளைக் குழல்கள், கோரஸ் குரல்கள் என்று மூன்று வகைப் படைப்புகள் கலந்து வரும். ஆர்கன்கள் 15 முதல் 17ஆம் நூற்றாண்டு வரையிலான பழைய கருவிகள். லோசான், ஆம்ஸ்டர்டாம், மால்மோ ஊர்களில் இருப்பவை. சுருதி இன்றைய பியானோ சுருதி இல்லை, மீன்டோன் என்ற பழைய ஐரோப்பியச் சுருதிமுறை. இந்த ஆல்பத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது, கொஞ்சம் பொறுமையாகப் படி.

பியானோவிலும் ஆர்மோனியத்திலும் ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சமபாகமாக வெட்டிவிட்டார்கள். அதில் அந்தர காந்தாரம் சட்ஜத்திலிருந்து 400 சென்ட் தூரத்தில் நிற்கும் (ஒரு ஸ்தாயி முழுக்க 1200 சென்ட்). தம்புராவின் மந்தரத் தந்தியை மீட்டும்போது தானாக எழுந்து வருகிற காந்தாரமோ 386 சென்ட்டில் இருக்கும். 220 ஹெர்ட்ஸில் சட்ஜம் வைத்தால் சுத்தமான காந்தாரம் 275 ஹெர்ட்ஸ். ஆர்மோனியம் தருவது 277.2. இரண்டு ஹெர்ட்ஸ் என்ன பிரமாதம் என்று தோன்றும். ஆனால் சட்ஜத்தின் ஐந்து மடங்கு மேற்சுரமும் (1100) காந்தாரத்தின் நான்கு மடங்கு மேற்சுரமும் (1108.7) மோதிக்கொள்ள, நொடிக்கு எட்டு ஒன்பது தடவை ஒரு படபடப்பு கேட்கும். மீன்டோனில் பரவலான கால்-காமா வகையில் அந்தப் படபடப்பே கிடையாது, காந்தாரம் தம்புராவில் போல அசையாமல் நிற்கும். அதற்கு விலை பஞ்சமத்தில். ஒவ்வொரு பஞ்சமமும் சுமார் ஐந்தரை சென்ட் குறுகும், அதே சட்ஜத்தில் நொடிக்கு இரண்டு தடவை மெல்ல அலையும். மிச்சம் எல்லாம் ஒரே பஞ்சமத்தின் தலையில் விழுந்து, அது சுமார் 36 சென்ட் விரிந்து ஊளையிடும். அதற்கு மேற்கில் ஓநாய் என்றே பெயர். மலோன் சுரங்களை நிதானமாக நகர்த்துவதால், எந்த இடைவெளி அசையாமல் நிற்கிறது, எது அலைகிறது என்று காது தானே பிரித்துப் பார்க்க ஆரம்பித்துவிடும்.

தலைப்புப் படைப்பு ஆல்பத்தில் இரண்டு தடவை வருகிறது, ஒன்று ஆர்கனில், ஒன்று குரலில். முதல் தடவை இரண்டையும் அடுத்தடுத்துக் கேள். மூச்சு தீர்ந்து குரல்கள் ஓயும் இடமும், மூச்சே தேவைப்படாத ஆர்கன் அப்படியே நிற்கும் இடமும் தெரிந்த பிறகு முழு ஆல்பத்தையும் வரிசையாகப் போடு.

கேட்கும்போது சீலிங் ஃபேனை அணைத்துவிடு. புழுக்கமாக இருக்கும், தெரியும். ஆனால் மூன்று இறக்கை ஃபேன் நிமிடத்துக்கு 300 சுற்று சுற்றினால், கூரைக்குப் போய்த் திரும்பும் ஒலியை நொடிக்கு 15 தடவை வெட்டும். பாட்டில் தாளம் இருந்தால் அது மறைந்துவிடும். நீண்டு நிற்கும் ஆர்கன் ஒலியிலோ, இசையில் இல்லாத ஒரு நடுக்கம் ஏறிவிடும். இவ்வளவு பாடுபட்டு அவர் ஒழித்த படபடப்பை நாமே அறையில் உண்டாக்குவதாக ஆகிவிடும்.

உட்காரும் இடமும் முக்கியம். பத்தடி நீள அறையில் 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒலி தேங்கும். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் அது குமுறும், சரியாக நடுவில் உட்கார்ந்தால் காணாமல் போகும். பின்சுவரிலிருந்து மூன்றே முக்கால் அடி முன்னால் நாற்காலியைப் போடு. ஸ்பீக்கர்கள் இரண்டும் நீயும் சமபக்க முக்கோணமாக இருக்கட்டும். ஆர்கனின் பதினாறடிக் குழாயின் அடி சுரம் 33 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும், போன் ஸ்பீக்கருக்கு அது எட்டவே எட்டாது. ஸ்பீக்கர் இல்லையென்றால் ஒயர் வைத்த ஹெட்போன் போதும், போனில் இருக்கும் ஈக்வலைசர், 'சரவுண்ட்' வித்தை எல்லாவற்றையும் அணைத்துவிடு.

அடுத்தது போர்ச்சுகலின் ரஃபேல் டோரல் போட்ட 'ஸ்பெக்ட்ரல் எவல்யூஷன்'. இசைக்கலைஞர் ஜிம் ஓ'ரூர்க்கின் மொய்காய் லேபிள் இருபது வருஷத்துக்கு மேல் தூங்கிக் கிடந்து, இதற்காக எழுந்து வந்திருக்கிறது. டோரல் தொண்ணூறுகளில் கிதாரை அலை அலையாக நீட்டி வாசித்தவர். பிறகு அதை ஒதுக்கிவிட்டுத் தானே செய்த மின்னணுக் கருவிகளில் பல வருஷம் மூழ்கினார். இதில் இரண்டும் ஒன்றாகச் சேர்கின்றன. கீழே கிதாரின் கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) பழைய ஜாஸ் பாட்டின் நடையில், நிழல் நகர்வதுபோல மெதுவாக மாறுகின்றன. ஜாஸ்காரர்கள் 'ரிதம் சேஞ்சஸ்' என்று சொல்லும், கெர்ஷ்வினின் 'ஐ காட் ரிதம்' பாட்டின் கார்டு வரிசையும் அடித்தளத்தில் உண்டு. மேலே அந்தக் கருவிகள் விடியற்காலைப் பறவைகள்போலக் கத்துகின்றன. சேராத இரண்டு என்று முதலில் தோன்றும். கால் மணி நேரத்தில் அந்தப் பறவைகளும் கார்டுக்கு இசைந்துதான் கத்துகின்றன என்று பிடிபடும். முழுவதும் இடைவெளி இல்லாத ஒரே ஓட்டம், முக்கால் மணியை ஒட்டி வரும். எல்பியில் ஒரு பக்கத்துக்கு இருபது சொச்சம் நிமிடம்தான் பிடிக்கும் என்பதால் நடுவில் தட்டைத் திருப்ப வேண்டியிருக்கும், ஓட்டம் அறுந்துவிடும். இதை மட்டும் ஃபைலாகவே வாங்கு. இந்த நான்கில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிண்டி லீயின் 'டைமண்ட் ஜூபிலி' வேறு ரகம். கனடாவின் 'விமன்' குழுவில் இருந்த பாட்ரிக் ஃப்ளெகல் இந்தப் பெயரில் பாடுகிறார். 32 பாட்டு, இரண்டு மணி நேரம். மார்ச் 29 அன்று யூடியூபில் ஒரே நீள வீடியோவாகவும், ஜியோசிட்டீஸ் பாணியில், அதாவது தொண்ணூறுகளின் இணையப் பக்கம் போன்ற ஒன்றில் டவுன்லோடாகவும் போட்டார். அப்போது ஸ்பாட்டிஃபையில் கிடையாது. பிடித்தவர்கள் 30 கனடிய டாலர் அனுப்பலாம் என்று அப்போது எழுதியிருந்தார். அறுபதுகளின் பெண்குழுப் பாட்டுகள் தூரத்து ரேடியோவிலிருந்து வருவதுபோல இருக்கும், கிதார் மட்டும் பக்கத்தில் நின்று அழும்.

யூடியூபில் கேட்காதே. இந்த ஆல்பத்தில் ஏற்கெனவே இருக்கும் இரைச்சலும் எதிரொலியும் சுருக்கும்போது ஒன்றாகக் குழைந்துவிடும். வேவ் ஃபைலை இறக்கு. 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ் கணக்கில் 1.3 ஜிபி வரும். இடம் இல்லையென்றால் ஃபிளாக்காக மாற்று, அளவு நன்றாகக் குறையும், ஒலியில் ஒன்றும் போகாது. எம்பி3 ஆக்கினால் ஒவ்வொரு ஃபைலின் முன்னும் பின்னும் சின்ன மௌனம் ஒட்டிக்கொள்ளும். வேவ் ஃபைலில் பல பிளேயர்களுக்குப் பாட்டு விவரம் தெரியாது, அகரவரிசையில் ஓட்டிவிடும். பெயருக்கு முன்னால் எண் இருக்கிறதா என்று பார், இல்லையென்றால் நீயே போட்டுக்கொள். வரிசை குலைந்தால் இந்த ஆல்பம் வெறும் பாட்டு மூட்டைதான்.

கடைசியாக, நியூயார்க்கில் பிறந்து தமிழ்நாட்டில் வளர்ந்த பாடகி கானவ்யாவின் 'லைக் த ஸ்கை ஐ'வ் பீன் டூ கொயட்'. இசைக்கலைஞர் ஷபாகா ஹட்சிங்ஸின் நேட்டிவ் ரெபெல் லேபிளில் மார்ச்சில் வந்தது. நம்மூர்ப் பயிற்சி உள்ள குரல், சங்கதி போடத் தெரிந்த குரல். ஆனாலும் பல இடங்களில் அதை அடக்கிக்கொண்டு காதோரம் பேசுவதுபோலப் பாடுகிறார். எனக்கு அந்த அடக்கம்தான் பெரிதாகப் படுகிறது. ஒலி தாழ்வாக இருப்பதால் வால்யூமை ஏற்றிவிடுவாய், அந்த நேரம் பார்த்து வாட்சப் மணி அடித்தால் காது போய்விடும். ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டு, ஆப்பில் கிராஸ்ஃபேடையும் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததன் தொடக்கத்தோடு கலப்பது) அணைத்துவிட்டுக் கேள்.

வாங்க, கலைஞர்களே தங்கள் இசையை விற்கும் பேண்ட்கேம்ப் இணையதளம் நல்லது. டிஜிட்டல் விற்பனையில் அவர்கள் எடுப்பது 15 சதவீதம்தான், பெரும்பங்கு பாடியவர் பக்கமே போகும். உன் வங்கிக் கார்டை முதல் தடவை ஏற்கவில்லையென்றால் பயப்படாதே. நம் வங்கிகள் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை மூடி வைத்துத்தான் கார்டைத் தருகின்றன. வங்கி ஆப்பில் அதைத் திறந்து, சின்ன வரம்பு ஒன்று வைத்து, வாங்கியதும் மூடிவிடு.

மலோனில் ஆரம்பி. ராத்திரி பத்து மணிக்கு மேல், தெருச் சத்தம் அடங்கிய பிறகு. ஃபேனைப் போட்டு இரண்டு நிமிடம், அணைத்து இரண்டு நிமிடம் கேட்டுப் பார்த்து, எந்தச் சுரத்தில் வித்தியாசம் முதலில் தெரிந்தது என்று எழுது.

அன்புடன்,
உன் நண்பன்